அறைக்கேற்ற மீன் தொட்டி: அளவு சொல்லிச் செய்விக்கும் முன்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில், கப்பன் பூங்காவை ஒட்டி அமைந்துள்ள அரசு மீன் காட்சியகம் 1983-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதற்கு வெகு முன்னரே, 1909-இல், சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மும்பையின் தாராபோர்வாலா மீன் காட்சியகம் 1951-இல் வந்தது. இத்தகைய இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்பும் பெற்றோரிடம் வழியிலேயே ஒரு கோரிக்கை வைக்கப்படுகிறது: "நம் வீட்டிலும் ஒரு மீன் தொட்டி வேண்டும்."

கோரிக்கை எளியது, இடம்தான் எளிதன்று. இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் சோபா, தொலைக்காட்சி, காலணி அடுக்கு ஆகியவை தத்தம் இடங்களைப் பிடித்துக்கொண்ட பின் எஞ்சுவது ஒரு மூலை, அல்லது தூணுக்கும் சன்னலுக்கும் நடுவிலுள்ள ஒரு குறுகிய இடைவெளி. கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் இரண்டடி நீளத் தொட்டி அங்கே அமராது. ஆகவே முக்கோணம், அறுகோணம், உருளை என இடத்திற்கேற்ற வடிவில் தொட்டி செய்விக்கும் எண்ணம் பிறக்கிறது. சிவாஜி நகர் முதலிய பகுதிகளின் மீன் கடைகளிலும் கண்ணாடிக் கடைகளிலும் அளவு சொன்னால் செய்து தருகிறார்கள்.

இவ்விடத்தில் சற்று நிதானிப்பது நல்லது. ஆயத்தத் தொட்டியை வேண்டாமென்றால் வேறொருவருக்கு விற்றுவிடலாம். ஒரு மூலைக்கென்றே வெட்டப்பட்ட தொட்டியை அந்த மூலை இல்லாதவர் வாங்கமாட்டார். நகையில் செய்கூலியும் சேதாரமும் திரும்பக் கிடைக்காதது போல, தனி வடிவத்திற்குக் கொடுத்த கூடுதல் பணமும் திரும்பாது. கடன் விண்ணப்பத்தை ஆராய்ந்த பின்னரே கையெழுத்திடுவது வங்கியாளரின் வழக்கம். அதே வழக்கத்தை முன்பணம் கொடுக்கும் முன் இங்கும் கைக்கொள்வோம்.

மீனுக்கு வேண்டியது உயரமன்று, பரப்பு

தொட்டியின் கொள்ளளவை மட்டும் கேட்டு முடிவு செய்வது பலரது வழக்கம். மீன் சுவாசிக்கும் ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்செல்கிறது. கரியமில வாயு வெளியேறுவதும் அவ்வழியே. எனவே ஒரே கொள்ளளவு கொண்ட இரு தொட்டிகளில் மேற்பரப்பு அகன்றதே மீனுக்கு நல்லது.

ஏறத்தாழ 43 லிட்டர் கொள்ளும் ஐந்து வடிவங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

• செவ்வகம்: நீளம் 60, அகலம் 24, உயரம் 30 செ.மீ. மேற்பரப்பு 1,440 சதுர செ.மீ.
• மூலை முக்கோணம்: இரு சுவர்ப் பக்கங்களும் 45 செ.மீ., உயரம் சுமார் 42 செ.மீ. மேற்பரப்பு ஏறத்தாழ 1,010 சதுர செ.மீ.
• அறுகோணம்: ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ., உயரம் சுமார் 41 செ.மீ. மேற்பரப்பு ஏறத்தாழ 1,040 சதுர செ.மீ.
• உருளை: விட்டம் 30, உயரம் 61 செ.மீ. மேற்பரப்பு ஏறத்தாழ 707 சதுர செ.மீ.
• மூலை ஐங்கோணம்: 45 செ.மீ. சதுரத்தின் முன்மூலையில் இருபுறமும் 25 செ.மீ. வெட்டியது, உயரம் 25 செ.மீ. மேற்பரப்பு ஏறத்தாழ 1,710 சதுர செ.மீ.

பார்வைக்கு மிக அழகான உருளை, செவ்வகத்தின் மேற்பரப்பில் பாதியைத்தான் தருகிறது. காற்றுக் குமிழி விடும் பம்பு நீரைக் கலக்கி இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் மின்சாரம் நின்றால் அந்த உதவியும் நின்றுவிடும். அன்றியும் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். காற்றழுத்தம் குறைவாதலால், ஒரே வெப்பநிலையில் சென்னையில் நீரில் கரையும் ஆக்சிஜனைவிட இங்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே கரையும். ஆகவே பரப்பைப் பற்றிய கணக்கு இவ்வூரில் சற்றுக் கூடுதல் கவனத்துக்குரியது.

நீந்துவதற்கும் இதே விதிதான். பெரும்பாலான சிறு மீன்கள் நெடுக்குவாட்டில் நீந்துபவை. மேலும் கீழும் ஏறி இறங்குவதில் அவற்றுக்கு நாட்டமில்லை. ஃபைட்டர் மீன் அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கும் இயல்புடையது. நீண்ட துடுப்புகளைச் சுமந்துகொண்டு இரண்டடி உயரம் ஏறி இறங்குவது அதற்கு வீண் சிரமம். உருண்டைக் கிண்ணத்தில் தங்க மீன் வளர்ப்பதை இத்தாலியின் ரோம் நகராட்சி 2005-ஆம் ஆண்டு விதிகளால் தடை செய்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

மூலைக்கு முக்கோணமா, ஐங்கோணமா?

மூலை என்றவுடன் முக்கோணத் தொட்டி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் முக்கோணத்தின் இரு ஓரங்களும் 45 பாகைக் கூர்முனைகள். அங்கே நீரோட்டம் சென்று திரும்பாது, கழிவு தங்கும், கையும் தூரிகையும் நுழையா. அக்கூர்முனைகளைத் தவிர்த்து, சதுரத்தின் முன்மூலையை மட்டும் வெட்டிய ஐங்கோண வடிவம் இக்குறைகளைப் பெரிதும் நீக்குகிறது. மேற்கண்ட பட்டியலில் மிகுதியான மேற்பரப்பு அதற்கே உள்ளது.

இதற்கு விலையும் உண்டு. முக்கோணத்தைவிட அது அறைக்குள் ஏறத்தாழ 14 செ.மீ. முன்னே வரும். நடைபாதை குறுகுமா, கதவு இடிக்குமா என்பதை அளந்து பார்க்க வேண்டும். இதற்கு எளிய வழி, பழைய அட்டைப்பெட்டியை அதே வடிவில் வெட்டித் தரையில் வைத்து மூன்று நாள் அப்படியே விட்டுவிடுவது. வீட்டார் எத்தனை முறை அதில் கால் இடறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

முகப்பு வளைந்த தொட்டிகளும் உண்டு. வளைந்த கண்ணாடி வழியே மீனின் உருவம் சிதைந்து தெரியும். சுரண்டித் துடைப்பதும் கடினம். ஆங்கில எழுத்து 'எல்' போல் மடங்கும் தொட்டியில் உட்புறமாக மடியும் இணைப்பே பலவீனமான இடம். அனுபவமுள்ள கைவினைஞர் அல்லாதாரிடம் அதைக் கொடுத்தல் கூடாது.

சுவர் நேராக இருக்கிறதா?

நம் வீட்டு மூலைகள் யாவும் சரியான செங்கோணமாக இருப்பதில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் பழைய முறையிலேயே இதைச் சோதிக்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் அளந்து குறியிடுக. இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் அது செங்கோணம். கூடினாலும் குறைந்தாலும் கோணம் பிசகியுள்ளது என்று பொருள்.

தரையோரம் ஓடும் டைல்ஸ் விளிம்பு சுவரைவிடச் சற்று முன்னே நீட்டியிருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வடிகட்டிக் குழாய்க்கும் மின்கம்பிக்கும் சுவரிலிருந்து 5 செ.மீ. இடைவெளி தேவை. பின்புறம் தொங்கவிடும் வகை வடிகட்டியானால் 10 செ.மீ. விடுவது நலம். ஆகவே தொட்டியின் அளவு என்பது மூலையின் அளவன்று. மூலையின் அளவிலிருந்து இவற்றைக் கழித்த பின் எஞ்சுவதே.

வாஸ்து கருதி வடகிழக்கு மூலையைத் தேர்ந்தெடுப்போர் பலர். அங்கே கிழக்குச் சன்னல் இருந்தால் காலை வெயில் நேரே தொட்டியில் விழும். சில வாரங்களில் கண்ணாடி முழுவதும் பாசி படரும். அம்மூலையே வேண்டுமெனில் சன்னலுக்குக் கனமான திரையிடுவது அவசியம்.

எடையும் அழுத்தமும்

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 43 லிட்டர் தொட்டியில் நீர், கண்ணாடி, கூழாங்கல், தாங்கி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ ஆகும். ஒரு பெரியவர் நின்றால் தரை தாங்கும் சுமைதான் அது, அஞ்ச வேண்டியதில்லை.

ஆசை வளர்ந்து 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் எனச் சொல்லிவிட்டால் கணக்கு மாறிவிடும். நீர் மட்டும் 324 கிலோ. மற்றவையும் சேர்ந்தால் 450 கிலோவைத் தாண்டும். குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவிலான பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. தளம் முழுவதும் பரவும் சுமைக்கான கணக்கு அது. அரைச் சதுர மீட்டர் இடத்தில் 450 கிலோவை நிறுத்தும் முன் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கலந்தாலோசிப்பது கட்டாயம்.

கண்ணாடியின் தடிமனைத் தீர்மானிப்பதில் முதலிடம் நீரின் உயரத்திற்கு. 60 செ.மீ. நீளமுள்ள முகப்புக் கண்ணாடியை 30 செ.மீ. உயர நீர் வெளிநோக்கித் தள்ளும் மொத்த விசை ஏறத்தாழ 27 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை 60 செ.மீ. ஆக்கினால் அது 108 கிலோவாகும். உயரம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வழக்கமாக, 30 செ.மீ. உயரத்துக்கு 5 அல்லது 6 மி.மீ., 45 செ.மீ. உயரத்துக்கு 8 மி.மீ., 60 செ.மீ. உயரத்துக்கு 10 முதல் 12 மி.மீ. கண்ணாடி பயன்படுத்துவர். நீளம் கூடினால் தடிமனும் கூட வேண்டும்.

சிறிய வீட்டுக்கு 45 செ.மீ.க்கு மேற்பட்ட உயரம் வேண்டாம் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அடியில் விழுந்த இலையை எடுக்க நம் கை எட்ட வேண்டும். எட்டாத தொட்டி நாளடைவில் துடைக்கப்படாத தொட்டியாகிவிடும்.

எழுத்தில் தர வேண்டிய விவரங்கள்

கடைக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது பிற்பாடு மனவருத்தத்திற்கு வழிவகுக்கும். ரசீதிலேயே கீழ்க்கண்டவற்றை எழுதச் செய்க.

1. ஒவ்வொரு பக்கத்தின் அளவும். அது உள்ளளவா, வெளியளவா என்பதும்.
2. கண்ணாடியின் தடிமன்; அடிக்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் தனித்தனியே.
3. விளிம்புகள் எல்லாம் மெருகேற்றப்பட வேண்டும் என்பது. 90 பாகை அல்லாத இணைப்புகளில் விளிம்பு அந்தக் கோணத்திற்கேற்பச் சாய்வாகத் தேய்க்கப்பட வேண்டும். இடைவெளியைப் பசையால் மட்டும் நிரப்பலாகாது.
4. மீன் தொட்டிக்குரிய சிலிக்கான் பசை. குளியலறைக்கென விற்கப்படும் சிலிக்கானில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு.
5. குழாய்க்குத் துளை வேண்டுமெனில் அதன் இடமும் விட்டமும். டஃபன் கண்ணாடியில் பின்னர் துளையிட இயலாது, இட்டால் நொறுங்கும்.
6. மூடி. மீன் துள்ளி விழாமலிருக்கவும் நீர் ஆவியாவதைக் குறைக்கவும் அது தேவை. தனி வடிவத் தொட்டிக்குப் பொருந்தும் மூடி வேறெங்கும் கிடைக்காது.

முன்பணத்தை வங்கிப் பரிமாற்றமாகச் செலுத்தினால் அதற்குச் சான்று இருக்கும். மீதித் தொகையைக் கடையிலேயே நீர் நிரப்பி 24 மணி நேரம் கசிவு பார்த்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்க. பசை ஒட்டிய பின் நன்கு இறுக ஒரு வாரம் விடுவது நல்லது. அவசரப்படுத்துதல் நமக்கே நட்டம். வீட்டுக்கு வந்ததும் நீர் வடியும் வசதியுள்ள பால்கனியிலோ குளியலறையிலோ மற்றொரு நாள் நிரப்பிச் சோதித்த பின்பே கூடத்தில் வைக்க வேண்டும். அடியில் தெர்மாகோல் தாள் விரித்து, நீர்மட்டக் கருவியால் தாங்கியின் சமநிலையைச் சரிபார்க்க வேண்டும்.

வாடகை வீடா, சொந்த வீடா?

இந்நகரில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்துக்கு எழுதப்படுகின்றன. அடுத்த வீட்டின் மூலை இந்த வீட்டின் மூலையைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வாடகைதாரர்களுக்குப் பொருத்தமானது குறுகிய செவ்வகத் தொட்டியே. அளவு சொல்லிச் செய்வித்தாலும், எந்தச் சுவரோரமும் அமரக்கூடிய 60 செ.மீ. நீளம், 24 அல்லது 25 செ.மீ. அகலம் என்று கேட்கலாம். மூலைக்கென்று வெட்டும் வடிவங்களைச் சொந்த வீட்டுக்கு ஒத்திவைப்பதே விவேகம்.

தொட்டி உடைந்து மரத்தளம் ஊறினாலோ, கீழ்வீட்டு மேற்கூரையில் நீர் கசிந்தாலோ அச்செலவு வாடகை முன்பணத்தில்தான் கை வைக்கும். வீட்டு உரிமையாளரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்று, தரையின் நிலையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்க. வீட்டுக் காப்பீடு வைத்திருப்போர், தொட்டி நீரால் ஏற்படும் சேதம் அதில் அடங்குமா என்று தம் ஆவணத்தைப் படித்துப் பார்ப்பது நலம்.

மின் இணைப்பிலும் கவனம் வேண்டும். தொட்டியின் மேலிருந்து வரும் கம்பி, பிளக்கை அடையும் முன் கீழே தாழ்ந்து மேலேற வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் பிளக்கிற்குள் செல்லாது கீழே சொட்டும். மின்கசிவைத் தடுக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்ச் வீட்டில் உள்ளதா என மின்பணியாளரைக் கேட்டறிக. தொட்டியின் அடியில் இன்வெர்ட்டரையோ நீட்டிப்புப் பெட்டியையோ வைத்தலாகாது.

மாதச் செலவும் நீரும்

5 வாட் வடிகட்டி நாள் முழுவதும் ஓடினால் மாதத்துக்கு 3.6 யூனிட். 10 வாட் விளக்கு நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். பெங்களூருவின் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 16 டிகிரி அளவுக்குக் குறையும். ஃபைட்டர், டெட்ரா போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். 50 வாட் ஹீட்டர் நாளுக்கு 8 மணி நேரம் இயங்கினால் மாதம் 12 யூனிட். ஹீட்டரைத் தவிர்க்க விரும்புவோர் குளிரைத் தாங்கும் ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப் போன்றவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் நம் துணைக்கண்டத்து மீன்களே. கூட்டமாக விரைந்து நீந்தும் இவற்றுக்கு 60 செ.மீ. நீளமுள்ள தொட்டிதான் ஏற்றது. ரோஸி பார்ப் சற்றுப் பெரிதாக வளர்வதால் அதற்கு இன்னும் நீளமான தொட்டி வேண்டும்.

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். 40 லிட்டர் தொட்டிக்கு அது ஒரு வாளி, அதாவது 10 லிட்டர். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேடேற்றிக் கொண்டுவரும் நகரம் இது. 2024 மார்ச்சில் வாகனம் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டு, மீறினால் ரூ. 5,000 அபராதம் என்று அறிவிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். பெரிய தொட்டியைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். வெளியேற்றும் நீரில் நைட்ரேட் சத்து இருப்பதால் அதைப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றலாம். ஒரு சொட்டும் வீணாகாது.

குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைப் பாதிக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்த்த பின் பயன்படுத்துக. ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் கடினத்தன்மை மிகுந்திருக்கலாம். கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை அதைத் தாங்கும். நியான் டெட்ரா போன்றவை மென்னீரை விரும்புபவை. வீட்டுக்கு வரும் நீரை அறிந்து மீனைத் தேர்ந்தெடுப்பதே எளிது.

மீன் வருவது கடைசியாக

தொட்டி அமைத்த அன்றே மீன் விடுவதே பல உயிர்கள் மடியக் காரணம். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை வடிகட்டியை ஓடவிட்டு, நாளும் சிறிது மீன் உணவை மட்டும் இட்டு வர வேண்டும். கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவத்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்பதை உறுதி செய்த பிறகு, சில மீன்களாகச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம்.

40 லிட்டருக்கு ஆறு முதல் எட்டு ஆண் கப்பிகள், அல்லது ஒரேயொரு ஃபைட்டர் போதும். தங்க மீன் இதில் வளராது. அது ஒரு சாண் அளவுக்கு வளர்ந்து மிகுதியாகக் கழிவிடும் மீன். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. தொட்டிகளிலிருந்து ஏரி, குளங்களில் விடப்பட்ட சக்கர் மீன்கள் தென்னிந்தியாவின் பல நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடையூறாகிவிட்டன. வளர்க்க இயலாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், ஏரியில் விடலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் 'மிஸ் கேரளா' எனும் செங்கோட்டு மீனும் கடைகளில் காணப்படுகிறது. அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்ட அது, கூட்டமாக நீந்த நீண்ட தொட்டி தேவைப்படும் மீன். சிறிய வீட்டுக்கு உரியதன்று.

தொகுத்துக் கூறின்: முதலில் எந்த மீன் என்று முடிவு செய்க, அம்மீனுக்கு வேண்டிய மேற்பரப்பைக் கணக்கிடுக, அப்பரப்பு அமரக்கூடிய வடிவத்தை மூலையில் தேடுக. மூலையில் தொடங்கி மீனில் முடிப்போர் அழகான கண்ணாடிப் பெட்டியை வாங்குகிறார்கள். மீனில் தொடங்கி மூலையில் முடிப்போரே மீன் வாழும் தொட்டியை வாங்குகிறார்கள். மூலையில் எதுவும் பொருந்தவில்லையெனில், அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டு, விடுமுறை நாளில் பிள்ளைகளை மீன் காட்சியகத்துக்கு மீண்டும் அழைத்துச் செல்வதும் நல்ல முடிவே.